குரூப் இல்லாமல் தனியாக லாங் ரன்: கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

இரண்டு வருடம் குரூப்போடு மட்டும்தான் நீண்ட ஓட்டம் ஓடினேன். வேலை நேரம் மாறியதும் அவர்கள் ஓடும் நாளில் என்னால் போக முடியவில்லை. சரி, தனியாகவே ஓடிவிடலாம் என்று ஒரு நாள் 26 கி.மீ. கிளம்பினேன். நேராகப் போய்த் திரும்பும் பாதை. போகும்போது முதுகுக்குப் பின்னால் காற்று அடித்தது எனக்குத் தெரியவே இல்லை, உடம்பு இன்று நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். 13வது கிலோமீட்டரில் திரும்பினேன். எதிர்காற்று. 17வது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்தது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, போனில் சார்ஜ் இல்லை. மீதி 9 கி.மீ. நடந்தே வந்தேன். எந்தப் பக்கம் போனேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால் என்னைத் தேடி இரண்டு திசையில் ஆள் போயிருந்தார்கள்.

அன்று எனக்கு ஓடத் தெரியாமல் போகவில்லை. பாதை, தண்ணீர், வேகம், யார் பின்தங்கினார்கள் என்ற கணக்கு எல்லாவற்றையும் அதுவரை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாக ஓடும்போது அந்த வேலை முழுவதும் உங்களுடையது. அதை ஓடிக்கொண்டே செய்ய முடியாது, ஏனென்றால் 18 கி.மீ. ஓடிய தலை சரியாக முடிவெடுக்காது. முடிவுகளை முந்தைய நாளே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்கான வரிசைதான் கீழே இருக்கிறது.

1. தனியாக ஓடலாமா என்று பாருங்கள்

குரூப்போடு ஏற்கெனவே ஓடி முடித்த தூரத்தைத்தான் தனியாக ஓட வேண்டும். புதிய அதிகபட்ச தூரத்தைத் தனியாக முயற்சி செய்யாதீர்கள். குரூப்பில் 24 கி.மீ. வரை போயிருந்தால் முதல் தனி ஓட்டம் 16 கி.மீ. போதும், அடுத்தது 18, அப்புறம் 21.

உடற்பயிற்சி தொடங்குபவர்களுக்காகப் பல நாடுகளில் பயன்படுத்தும் பி.ஏ.ஆர்-க்யூ என்ற ஏழு கேள்விப் படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இதயக் கோளாறு, நெஞ்சு வலி, மயக்கம், மருந்து, எலும்பு மூட்டுத் தொல்லை பற்றித்தான் கேட்கும். ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று வந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் தனி ஓட்டம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்த வாரத்திலும் வேண்டாம். குரூப்பில் என்றால் பாதியில் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொள்வார். இங்கே அது கிடையாது.

2. நேரக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

21 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிதான வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 147 நிமிடம், அதாவது 2 மணி 27 நிமிடம். தண்ணீர் நிறுத்தங்களுக்கு 10 நிமிடம். கடைசியில் நடக்க நேர்ந்தால் என்று 20 நிமிடம். மொத்தம் ஏறக்குறைய 3 மணி நேரம். 5.00 மணிக்குக் கிளம்பினால் 8.00 மணிக்குத் திரும்ப வேண்டும்.

எல்லோரும் விடுவது அந்த 20 நிமிடத்தைத்தான். அதைச் சேர்க்காவிட்டால் திரும்பி வந்ததும் இருக்கும் வேலைக்காகக் கடைசி 5 கி.மீ. வேகமாக ஓடுவீர்கள். அங்கே காயம் வரலாம்.

வெயில் ஏறும் நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பதையும் இதே காகிதத்தில் பாருங்கள். முடியாது என்று தெரிந்தால் தூரத்தைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

3. பாதை: நேர்கோடு வேண்டாம், லூப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 21 கி.மீ. ஓட வேண்டுமா? வீட்டையோ வண்டியையோ மையமாக வைத்து 7 கி.மீ. லூப்பை, அதாவது கிளம்பிய இடத்துக்கே திரும்ப வரும் சுற்றுப்பாதையை, மூன்று தடவை ஓடுங்கள். எந்த இடத்தில் உடம்பு மறுத்தாலும் திரும்பி வர அதிகபட்சம் 3.5 கி.மீ. தான். தண்ணீரை ஒரே இடத்தில் வைத்துவிடலாம். உங்களைத் தேட வேண்டி வந்தாலும் தேடும் வட்டம் சின்னது.

லூப் சலிப்பாக இருக்கும் என்பார்கள். உண்மைதான், இரண்டாவது சுற்றில் 'போதும், வீட்டுக்குப் போய்விடலாம்' என்று மனசு சொல்லும். வீட்டு வாசலைத் தொடாமல், ஒரு தெரு தள்ளி லூப்பை முடிக்கும்படி அமைத்தால் அந்தத் தொல்லை பாதி குறைகிறது. ஒரு சுற்றை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் ஓடுவதும் உதவும். பக்கவாட்டில் சாய்ந்த நடைபாதையில் ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் மட்டும் எப்போதும் தாழ்வில் படும், அதுவும் இப்படி மாற்றி ஓடுவதில் சரியாகும்.

பாதையை முந்தைய வாரமே, நீங்கள் ஓடப்போகும் அதே நேரத்தில், ஒரு தடவை சைக்கிளிலோ நடந்தோ போய்ப் பாருங்கள். வரைபடத்தில் தெரியாதவை நிறைய: எரியாத தெருவிளக்கு, திறந்த சாக்கடை, நடைபாதை திடீரென்று முடியும் இடம், நாய்க் கூட்டம், கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது. போன் சிக்னல் இல்லாத இடம் இருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

நடைபாதை இல்லாத சாலையில் வரும் வாகனங்களைப் பார்த்தபடி, எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். பார்வை மறையும் வளைவில் மட்டும் பார்த்து ஒதுங்குங்கள்.

நேராகப் போய்த் திரும்பும் பாதையைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால், போகும்போது எதிர்காற்றும் ஏற்றமும் இருக்கும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். திரும்பும் பயணம் எளிதாக இருக்க வேண்டும். நான் இதைத்தான் தலைகீழாகச் செய்தேன்.

4. ஒருவரிடம் சொல்லுங்கள், முழுதாகச் சொல்லுங்கள்

'ஓடப் போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது சொன்னதாக ஆகாது. எங்கே, எவ்வளவு, எப்போது திரும்புவேன், வராவிட்டால் என்ன செய்ய வேண்டும், இந்த நான்கும் இருக்க வேண்டும். நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

"5.00க்குக் கிளம்புறேன். 7 கி.மீ. லூப், மூணு சுத்து, மேப் அனுப்பிருக்கேன். 8.00க்குள்ள மெசேஜ் போடுவேன். 8.15 வரைக்கும் வரலைன்னா கூப்பிடு. 8.30 வரைக்கும் எடுக்கலைன்னா லொக்கேஷனைப் பாத்து வண்டிய எடு."

இதைப் பெறுபவர் அந்த நேரத்தில் விழித்திருப்பவராகவும், வண்டி எடுத்து வரக்கூடியவராகவும் இருக்க வேண்டும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அனுப்பிப் பயனில்லை.

வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் பகிரும்போது 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வுகள் வரும். 1 மணி நேரத்தைத் தொட்டுவிட்டால் பாதி ஓட்டத்திலேயே நின்றுபோகும். 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, திரும்பியதும் நிறுத்திவிடுங்கள். இது பேட்டரியை இழுக்கும், அதனால் முழு சார்ஜோடு கிளம்புங்கள். பாட்டு கேட்பதையும் அதே போனில் வைக்காதீர்கள். தனியாக ஓடும்போது ஒரு காதாவது திறந்திருக்க வேண்டும். நான் காதில் எதுவும் மாட்டுவதில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. ஓட்டச் செயலிகளில் உங்கள் பாதை எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகலாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாசலிலிருந்து கிளம்புவது முன்பின் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் தொடங்கும், முடியும் இடத்தை மறைக்கும் வசதி உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 'நாளைக்கு 5 மணிக்கு இந்த ஏரிக்கரையில்' என்று முன்கூட்டியே பொதுவில் எழுத வேண்டாம். முக்கியமாகப் பெண்கள் நேரத்தையும் பாதையையும் வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொள்வது நல்லது.

5. கையோடு இருக்க வேண்டிய காகிதங்கள்

உள்ளங்கை அளவு காகிதம் ஒன்று போதும். அதில் பெயர், இரத்த வகை, இரண்டு பேரின் போன் எண், ஒவ்வாமை, தொடர்ந்து சாப்பிடும் மருந்து, சர்க்கரை அல்லது வலிப்பு அல்லது ஆஸ்துமா இருந்தால் அதுவும். கூடவே அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு இருந்தால் அதன் அட்டை, இரண்டின் நகல்கள். அசல்களை எடுத்துப் போக வேண்டாம்.

முதல் தடவை இந்தச் சீட்டை இங்க் பேனாவில் எழுதி இடுப்புப் பையில் வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வியர்வையில் எல்லாம் கரைந்து ஒரு நீலக் கறை மட்டும்தான் இருந்தது. ஓர் எண்கூடப் படிக்க முடியவில்லை. இப்போது பென்சிலில் எழுதி, ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறேன். மருந்து மாறினாலோ எண் மாறினாலோ புதிதாக எழுத வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

போனிலும் இதே தகவலை ஏற்றுங்கள். ஐபோனின் ஹெல்த் செயலியில் மெடிக்கல் ஐடி என்றும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அவசரகாலத் தகவல் என்றும் இருக்கும். பூட்டிய திரையிலும் தெரியும்படி அமைக்க வேண்டும். அமைத்த பிறகு போனைப் பூட்டி நீங்களே திறந்து பாருங்கள். இதைச் சோதிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

6. தண்ணீரும் சக்தியும்

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. உங்கள் அளவை நீங்களே அளந்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் ஓடும் ஒரு நாள், கிளம்புவதற்கு முன் உடையில்லாமல் எடை பாருங்கள். திரும்பியதும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 64.0 கிலோ, பின்பு 62.8 கிலோ, நடுவில் 300 மி.லி. குடித்தீர்கள் என்றால், போனது 1.5 லிட்டர். மணிக்கு 1 லிட்டர்.

இனி 21 கி.மீ. கணக்கு. இரண்டரை மணி நேரத்தில் 2.5 லிட்டர் போகும். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 64 கிலோவில் அது ஏறக்குறைய 1.3 லிட்டர். ஆக, நீங்கள் 1.2 லிட்டர் குடித்தால் போதும். மூன்று லூப்புக்கு, சுற்றுக்கு 400 மி.லி. கையில் ஒரு சின்ன பாட்டில், தொடங்கும் இடத்தில் இன்னும் இரண்டு. வெயிலும் வியர்வையும் நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு பாட்டில் கூடுதலாகவே வையுங்கள். ஆனால் தாகமில்லாமல் அதைக் குடித்துத் தீர்க்காதீர்கள்.

ஏனென்றால் அளவுக்கு மேல் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகமாகத் தெரிந்தது. ஓட்டம் முடிந்து எடை பார்த்தால், கிளம்பியதைவிடக் கூடியிருக்கக் கூடாது.

சக்திக்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு ஜெல்லில் (ஓடும்போது பிழிந்து சாப்பிடும் இனிப்புக் கூழ்ப் பாக்கெட்) பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும், ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 27 கிராம் அளவுக்கு. பசி எடுத்த பிறகு சாப்பிடுவது தாமதம். முதல் 40 நிமிடத்தில் ஒன்று, அப்புறம் 30-40 நிமிடத்துக்கு ஒன்று என்று வாட்சில் மணி வைத்துவிடுங்கள். குரூப்பில் ஒருவர் ஜெல்லைப் பிரித்தால் எல்லோருக்கும் நினைவு வரும். தனியாக ஓடும்போது நினைவூட்டுவது வாட்ச் மட்டுமே.

7. செலவு: எதற்குச் செய்யலாம், எதற்கு வேண்டாம்

காசைப் போட வேண்டியது ஷூவில். ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை வரும் என்பது பொதுவான கணக்கு, அதனால் எத்தனை கி.மீ. ஆயிற்று என்று எழுதி வையுங்கள். புது ஷூவை லாங் ரன்னில் தொடங்கவே கூடாது, நாலைந்து சின்ன ஓட்டம் ஓடிய பிறகுதான். இருட்டில் ஓடுவதென்றால் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியும் தலை விளக்கும் வாங்குங்கள், இரண்டும் பெரிய செலவில்லை.

ஜி.பி.எஸ். வாட்ச் இல்லாமலே தொடங்கலாம். லூப் தூரம் தெரியும், சாதாரணக் கடிகாரமே போதும். தண்ணீர் வைத்துக்கொள்ளும் முதுகுப் பையும் லூப் ஓடுபவருக்குத் தேவையில்லை. ஜெல் பிடிக்கவில்லை, கட்டுப்படியாகவில்லை என்றால் 500 மி.லி. தண்ணீரில் ஆறேழு தலை தட்டிய டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்தால் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும். கடையில் விற்கும் விளையாட்டுப் பானத்தின் சர்க்கரை அளவும் கிட்டத்தட்ட இதேதான். எதுவானாலும் சின்ன ஓட்டத்தில் ஒரு தடவை குடித்துப் பார்த்து, வயிறு ஏற்றுக்கொண்ட பிறகே பயன்படுத்துங்கள்.

8. முந்தைய இரவும் அன்று காலையும்

படுக்கப் போகும் முன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்குங்கள்: உடை, ஷூ, சாக்ஸ், நிரப்பிய பாட்டில், ஜெல், காகிதச் சீட்டு, கொஞ்சம் பணம், சாவி. உரசும் இடங்களுக்கு வாஸ்லின். தொடை, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, இவை 10 கி.மீ.யில் தெரியாது, 18 கி.மீ.யில் இரத்தம் வரும்.

சாப்பாடு கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. விடிகாலையில் அது முடியாது என்றால் முந்தைய இரவு நன்றாகச் சாப்பிட்டு, காலையில் எளிதில் செரிக்கும் ஏதாவது கொஞ்சம். வலி வந்துவிடுமோ என்று முன்கூட்டியே வலி மாத்திரை போடாதீர்கள். இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் உடலில் நீர் குறையும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

இடி கேட்டால் கிளம்ப வேண்டாம். நடுவில் கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே.

9. ஓடும்போது

குரூப்பில் உங்கள் வேகம் உங்களுடையதாக இருக்காது. முன்னால் ஓடுபவர் இழுப்பார், பேச்சு இழுக்கும். தனியாக ஓடும் முதல் 3 கி.மீ. ரொம்ப மெதுவாகத் தோன்றும். தோன்றட்டும். சோதனை எளிது: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். குரூப்பில் பேசிக்கொண்டே ஓடுவதால் இது தானாக நடக்கும். தனியாக ஓடும்போது நீங்களேதான் பேசிப் பார்க்க வேண்டும், கூச்சப்படாதீர்கள். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

கடைசி மூன்றில் ஒரு பங்கில் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு ஏறும், குறிப்பாக வெயிலில். அது இயல்பு. துடிப்பைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள், வாட்சில் உள்ள வேகத்தைக் காப்பாற்றப் போராட வேண்டாம். 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதலிலிருந்தே பிரித்துக்கொள்வதிலும் தவறில்லை. களைத்த பிறகு நடப்பதைவிட இது நல்லது.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. சோப்பும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

10. நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

தனி ஓட்டத்தில் எனக்குப் பயம் தருவது இதுதான். வெப்பம் தலைக்கேறினால் முதலில் குழம்புவது நம் புத்தி. குரூப்பில் பக்கத்தில் ஓடுபவர் 'என்ன உளறுகிறாய்' என்று பிடித்து உட்கார வைப்பார். தனியாக இருக்கும்போது குழம்பியவருக்கே தான் குழம்பியது தெரியாது.

அதற்காக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு லூப் முடிவிலும் நின்று, ஓடிய தூரம், மீதித் தூரம், வீட்டு போன் எண், இந்த மூன்றையும் சத்தமாகச் சொல்வேன். ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு அவ்வளவுதான். இது மருத்துவச் சோதனை இல்லை. ஆனால் போன கோடையில் 14வது கிலோமீட்டரில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வரவே இல்லை. நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வீட்டுக்குக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் வெயிலில் கையெல்லாம் புல்லரித்திருந்ததைக் கவனித்தேன்.

வெயிலில் குளிர், தள்ளாட்டம், குழப்பம், வாந்தி, நெஞ்சில் அழுத்தம், ஒரே இடத்தில் அடிக்கு அடி கூடும் வலி, காலை நொண்ட வைக்கும் வலி: இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். 'இந்த லூப்பை மட்டும் முடித்துவிடலாம்' என்று நினைக்காதீர்கள். நெஞ்சு அழுத்தத்துக்கும் குழப்பத்துக்கும் முதலில் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், அப்புறம் வீட்டை. அருகில் யார் இருந்தாலும் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள்.

11. திரும்பிய பிறகு

ஷூவைக் கழற்றும் முன் 'வந்துட்டேன்' என்று மெசேஜ். இதை மறந்தால் உங்களுக்காக ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது தடவை கிளம்பமாட்டார். லைவ் லொக்கேஷனை நிறுத்துங்கள். பத்து நிமிடம் நடந்துவிட்டு, எடை பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு.

அப்புறம் ஒரு நோட்டில் நாலு வரி: தூரம், குடித்த அளவு, முன்பும் பின்பும் எடை, எந்த இடத்தில் சிரமம் தொடங்கியது. காலி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையில் உள்ள சீட்டை எடுத்து எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.